தலைவரின் காரை முந்திய கதை

எங்கள் சைக்கிள் சங்கம் நடத்திய ஒருநாள் சாலைப் பந்தயம் நான்கு வருடம் நடந்தது. சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டினால் மூன்று என்றுதான் இருக்கும். அந்த மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என் கையெழுத்து ஒன்று கிடக்கிறது. அதனால்தான் இந்த வரலாற்றை வேறு யாரிடமும் விடாமல் நானே எழுத உட்கார்ந்தேன். சங்கமும் ஒரு வரலாறு வெளியிட்டிருக்கிறது. வழவழப்பான தாளில் அறுபத்து நான்கு பக்கம். தலைவரின் படங்கள் ஐம்பத்தொன்று, சைக்கிளின் படங்கள் இரண்டு. அதிலும் ஒன்றில் பாதி சைக்கிள்தான் தெரியும், மீதியை மறைத்துக்கொண்டு தலைவர் நிற்கிறார்.

நான் கடிகாரம் பழுதுபார்ப்பவன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை. நான் உட்கார்ந்துவிட்டால் வருகிறவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும், அவ்வளவு அகலம். ஒரு நாள் சங்கத்தின் செயலாளர் கைக்கடிகாரத்துக்குப் பட்டை மாற்ற வந்தார். ஊரில் அவருக்குப் பெயர் ‘தீர்மானம்’. தும்முவதற்குக்கூட முன்மொழிய ஓர் ஆள், வழிமொழிய ஓர் ஆள் வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆசாமி. மேசையில் கிடந்த ஸ்டாப்வாட்ச்சைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“இது உங்களுதா?”

“ரிப்பேருக்கு வந்தது சார். குடுத்தவர் வாங்க வரவே இல்ல. பதினோரு வருஷம் ஆச்சு.”

“ஓடுதா?”

“நான் கை வச்சா ஓடாம என்ன?”

“அப்ப நம்ம பந்தயத்துக்கு நீங்கதான் நேரக் காப்பாளர். தீர்மானம் போட்டுடறேன்.”

நான் மறுக்கவில்லை. பெருமைக்காக என்று நினைக்க வேண்டாம். என் மகளைக் கட்டிக்கொண்டவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தார். ஒன்பதாவது வருடமாகத் தற்காலிகம். தினமும் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே படுத்திருக்கும் பல்லியை விரட்டிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். வேலை நிரந்தரமாக ஒரே வழிதான் இருந்தது, விளையாட்டு ஒதுக்கீடு. அங்கீகாரம் பெற்ற பந்தயம் ஒன்றில் முதல் இடம் வாங்கியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. இரண்டாம் இடம் செல்லாது. இந்தச் சங்கத்துக்கு எப்படியோ அங்கீகாரம் கிடைத்திருந்தது. முதல் பந்தயத்தின்போது மாப்பிள்ளைக்கு முப்பத்தொரு வயது முடிந்து பத்து மாதம்.

“நாலு தடவை ஓட்டலாம்ப்பா. நாலுல ஒண்ணு கூடவா நம்ம பக்கம் வராது?” என்றாள் மகள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சங்கத்தின் விதிப் புத்தகத்தை அப்போது நான் படித்திருக்கவில்லை.

புத்தகத்தில் நாற்பது விதிகள். பதினேழாவது விதி இது: ‘பந்தயம் நெடுகிலும் தலைவரின் கார் முன்னே செல்லும். எந்தப் போட்டியாளரும் அதை முந்துதல் கூடாது.’ கடைசி முந்நூறு மீட்டரில் கார் இடப்பக்கச் சந்துக்குள் ஒதுங்கிவிடும், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் முந்தலாம். கிளம்பிய கோட்டுக்கே சுற்றி வந்து முடிக்க வேண்டும், மொத்தத் தூரம் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். தலைவருக்கோ கார் கொஞ்சம் வேகமெடுத்தால் வயிற்றைப் புரட்டும். அதனால் இருபத்திரண்டுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று ஓட்டுநருக்கு உத்தரவு. நல்ல தெம்புள்ள நாற்பத்து மூன்று பேர் சட்டையில் எண் குத்திக்கொண்டு, அந்தக் காரின் புகையைக் குடித்தபடி, பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டே வந்தார்கள்.

முதல் வருடம் காலை ஆறு மணிக்குக் கொடியசைப்பு என்று அச்சடித்திருந்தார்கள். தலைவர் எட்டே முக்கால் வரை பேசினார். அவர் செங்கல் சூளை வைத்திருந்தவர்.

“நான் என் வாழ்க்கையில சைக்கிள் மேல ஏறினதே இல்ல,” என்றார் மைக்கில். “அதனாலதான் எனக்கு உங்கள்ல யார் மேலயும் பொறாமை இல்ல. சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவன் தலைவரா வந்தா என்ன ஆகும்? அவனும் ஓட்டணும்னு நினைப்பான். அப்புறம் சங்கத்தை யார் பாக்கறது?”

கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன், பொய் சொல்வானேன்.

அன்று ஜெயித்தது தலைவரின் அக்கா மகன். கடைசி முந்நூறு மீட்டர் வந்ததும் கார் ஒதுங்கியது. காரை ஒட்டி முதல் வரிசையில் வர அவனுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு இருந்தது. பின்னால் வந்தவர்கள் கார் கிளப்பிய புழுதியில் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் அவன் கோட்டைத் தாண்டிவிட்டான். அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் வாரியத்தில் நிரந்தர வேலை வாங்கினான். இன்றும் அங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். மாப்பிள்ளை அன்று ஆறாவதாக வந்தார்.

இரண்டாம் வருடம் பாதி வழியில் தலைவருக்குப் பசித்தது. கார் நின்றது, நாற்பத்து மூன்று சைக்கிளும் நின்றன. தலைவர் இறங்கிப்போய்ச் சாப்பிட்டு, கை கழுவி, கொஞ்சம் சாய்ந்திருந்துவிட்டு வர ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆயிற்று. நான் முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் நேரத்தைச் சொன்னேன். தீர்மானம் அதிர்ந்துபோனார்.

“என்னய்யா இது, ஆறு மணி நேரமா? ஜனங்க நடந்தே வந்துருவாங்களே. வெளியில தெரிஞ்சா மானம் போயிரும்.”

“தலைவர் சாப்பிட்ட நேரமும் சேர்ந்திருக்கு சார்.”

“அவர் சாப்பிட்டா அது எப்படிப் பந்தய நேரம் ஆகும்?”

அங்கேயே நின்று தீர்மானம் எழுதினார்: ‘தலைவர் காரைவிட்டு இறங்கியிருக்கும் நேரம், நேரமாகக் கருதப்பட மாட்டாது.’ முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவர் காரின் ஓட்டுநர். முப்பது வருடமாகக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறேன். தலைவர் காலைத் தரையில் வைத்தால் நேரம் நின்றுவிடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு அந்த வருடம் மூன்றாம் இடம்.

மூன்றாம் வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. மாப்பிள்ளை ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி எடுத்தார். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, செயினையும் பல்சக்கரத்தையும் மாற்றி, தேவையில்லாத இரும்பையெல்லாம் கழற்றிப் போட்டிருந்தார். பந்தயத்தன்று கடைசித் திருப்பத்தில் அவர்தான் முன்னால் வந்தார். கார் மட்டும் ஒதுங்க வேண்டும். அது ஒதுங்கவில்லை. சந்தின் வாயில் தலைவரை வரவேற்று இருபதடி உயரத்துக்குத் தட்டி வைத்து அடைத்திருந்தார்கள். அதில் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் காரை ஏற்ற ஓட்டுநருக்குத் தைரியம் வரவில்லை, நேரே ஓட்டிவிட்டார். கார் கோட்டைத் தாண்டியது. ஒரு முழம் பின்னால் மாப்பிள்ளையின் முன்சக்கரம் தாண்டியது.

விசாரணைக் குழு போட்டார்கள். கோட்டை முதலில் தாண்டியவருக்கே முதல் இடம் என்று விதி தெளிவாகச் சொல்கிறது, காரா சைக்கிளா என்று அது கேட்கவில்லை, ஆகவே தலைவரே வெற்றியாளர் என்று குழு ஒருமனதாகக் கண்டுபிடித்தது. தலைவர் முதலில் மறுத்தார். பிறகு கழுத்தை நீட்டிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார்.

“இந்த வயசுல நான் ஜெயிப்பேன்னு நானே எதிர்பாக்கல,” என்றார். “பின்சீட்டுல சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். உழைப்பு உழைப்புங்கறாங்களே இளைஞர்கள், அவங்க இதை யோசிக்கணும்.”

மாப்பிள்ளை இரண்டாம் இடம். மேடையில் அவருக்குத் தலைவரோடு கைகுலுக்கும் வாய்ப்பு கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் அவரை ஒன்றும் கேட்கவில்லை, என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“கார்கிட்ட தோத்துட்டு வந்திருக்கார்ப்பா. கார்கிட்ட. நீங்க அங்கதான இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நான் நேரம் பாக்கறவன்மா.”

“நல்லாப் பாத்தீங்க.”

நான்காம் வருடம் வந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து ஆக இரண்டு மாதம் பாக்கி.

அன்று ஒன்பதாவது கிலோமீட்டரில் நடந்ததை நான் பார்க்கவில்லை, நான் வழக்கம்போல முடிவுக் கோட்டில் இருந்தேன். பிறகு பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். எல்லார் பேச்சிலும் பொதுவாக இருந்ததை எழுதுகிறேன். அங்கே ஆற்றுப் பாலம். பாலத்து ஏற்றத்தில் தலைவர் காரை மெல்ல ஓட்டச் சொன்னார், ஆற்றைப் பார்த்தபடி அவரைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. கார் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் சைக்கிள்காரர்கள் ஒரு காலை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை வலப்பக்கம் ஒதுங்கி, தலைவரின் சன்னலுக்கு நேரே வந்து, “மன்னிச்சுருங்க சார், எனக்கு வயசாகுது” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, முந்திப் போய்விட்டார்.

ஓட்டுநர் துரத்தலாமா என்று கேட்டாராம். துரத்தினால் வயிற்றைப் புரட்டுமே. தலைவர் கதவைத் திறந்து பாலத்தின் நடுவில் இறங்கிவிட்டார்.

உடனே அங்கேயே அவசரப் பொதுக்குழு கூடியது. மடக்கு நாற்காலிகள் பின்னால் வந்த வேனில் இருந்தன. ஒழுங்கீனத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம், தலைவர் மீது நம்பிக்கை தெரிவித்து ஒரு தீர்மானம், பாலத்தில் காற்று நன்றாக வருவதைப் பாராட்டி ஒரு தீர்மானம். நாற்பத்திரண்டு பேர் வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று.

இதெல்லாம் தெரியாமல் நான் கோட்டருகில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குத் துணி கட்டும் இரண்டு பேரைத் தவிர அங்கே யாரும் இல்லை. சாலைக் கோடியில் ஓர் ஆள் வருவது தெரிந்தது. முன்னால் கார் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. ஏதோ வேலையாகப் போகிறவர் என்றுதான் நினைத்தேன். கிட்டே வந்தபோது சட்டையில் எண்ணைப் பார்த்தேன், பிறகு முகத்தைப் பார்த்தேன். வாய் உலர்ந்து, முழங்கை நடுங்க, தலையைத் தூக்காமல் மிதித்து வந்தார். கோட்டைத் தாண்டியதும் என் கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது. மூன்று மணி நேரம் இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி. அந்தச் சாலையில் தனி ஆளாக அப்படி ஓட்டிய ஒருவரை நான் பார்த்ததில்லை. மேடைக்காரர் ஒருவர் கீழே இறங்கி வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“யாருங்க இது? பந்தயத்துல வர்றவரா?”

“என் மாப்பிள்ளை,” என்றேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாலை நாலு மணிக்கு மேல் கார் வந்தது. தீர்மானம் இறங்கி, நிழலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“இவர் இங்க என்ன பண்றார்?”

“ஜெயிச்சுட்டு உக்காந்திருக்கார் சார்.”

“எப்படிய்யா ஜெயிக்க முடியும்? பந்தயம் இப்பத்தான வருது?”

அடுத்த வாரம் சங்க அலுவலகத்தில் விசாரணை. நீள மேசை, தலைவருக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி, சுவரில் தலைவரின் பதக்கம். மாப்பிள்ளையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் நேரத்தைச் சொன்னேன். தீர்மானம் ஒரு தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

“தலைவர் பாலத்துல இறங்கினப்ப பந்தயம் ஆரம்பிச்சு எவ்வளவு ஆச்சு?”

“இருபத்தஞ்சு நிமிஷம்னு சொல்றாங்க.”

“அவர் மறுபடி கார்ல ஏறறதுக்குள்ள உங்க மாப்பிள்ளை கோட்டைத் தாண்டிட்டார். தலைவர் இறங்கியிருக்கிற நேரம் நேரமே இல்லன்னு தீர்மானம் இருக்கு. அப்ப இவர் தொண்ணூத்தாறு கிலோமீட்டரை இருபத்தஞ்சு நிமிஷத்துல ஓட்டியிருக்கார்.”

குழுவில் ஒருவர் மெதுவாக, “அது முடியாதே” என்றார்.

“முடியாது. முடியாதது நடக்காது. ஆகவே நடக்கல.” தீர்மானம் தலைவரைப் பார்த்தார். “ஐயா, நாலாவது பந்தயம் நடக்கவே இல்லன்னுதான் வருது.”

“அந்தத் தீர்மானத்தை ரத்து பண்ணிட்டாப் போதுமே சார்,” என்றேன்.

தலைவர் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். “தம்பி, நான் இறங்கி நின்ன நேரத்தையும் நேரம்னு ஒத்துக்கிட்டா, ஒருத்தன் என்னை முந்திட்டான்னு ஆயிரும். பந்தயம் நடக்கலன்னா யாரும் யாரையும் முந்தல. எது சங்கத்துக்கு நல்லது? எனக்காகச் சொல்லல. நாளைக்கு இந்த நாற்காலிக்கு வேற ஒருத்தர் வரலாம். வர விடமாட்டேன், அது வேற. ஆனா நாற்காலின்னு ஒண்ணு இருக்குல்ல?”

எல்லாரும் தலையாட்டினார்கள். என் முன்னால் ஒரு தாள் வந்தது. ‘மேற்படி நாளில் பந்தயம் எதுவும் நடைபெறவில்லை, நான் எந்த நேரத்தையும் அளக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே என் பெயர் தட்டச்சாகியிருந்தது.

“நான் போடலன்னா?”

“விதி பதினேழை மீறினதுக்கு மாப்பிள்ளைக்கு ஆயுள் தடை,” என்றார் தீர்மானம். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். “போட்டீங்கன்னா தடை கிடையாது. சங்கத்து முத்திரையோட ஒரு சான்றிதழும் தர்றோம். வாரியத்துல காட்டுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன். உங்க மகளும் நல்லா இருக்கணும்ல?”

நான் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதிவிடலாம், ஆனால் நடுங்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கடிகாரத்துக்குள் இருக்கும் மயிரிழைச் சுருளைப் பிடித்துப் பழகிய கை. சுத்தமாகப் போட்டேன்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

“என்னாச்சு மாமா?”

“சான்றிதழ் தர்றாங்க.”

அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, என்ன சான்றிதழ் என்று நான் சொல்லவில்லை.

அது வர ஐந்து வாரம் ஆயிற்று. ஓரத்தில் தங்க நிறத்தில் பூவேலை. ‘நடைபெறாத நான்காம் பந்தயத்தில் இவர் கட்டுப்பாட்டுடன் கலந்துகொண்டமையைப் பாராட்டி’ என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தோம். மகள் மூன்றாம் தடவையும் படித்தாள். இருந்தாலும் முத்திரை இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையும் நானும் வாரியத்துக்குப் போனோம். முப்பத்தைந்து ஆகப் பத்து நாள் இருந்தது.

பணியமர்த்தும் பிரிவு அதிகாரி நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நடக்காத பந்தயத்துல எப்படிங்க கலந்துக்கிட்டீங்க?”

“நடந்துச்சு சார்,” என்றார் மாப்பிள்ளை. “நான் ஜெயிச்சேன். மாமாதான் நேரம் பாத்தார். கேட்டுப் பாருங்க.”

அதிகாரி ஒரு கோப்பை எடுத்தார். சங்கம் ஏற்கெனவே ஒரு நகல் அனுப்பியிருந்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்து, கீழே விரலை வைத்தார்.

“இது யார் கையெழுத்து?”

“என்னுது.”

“படிச்சுட்டுத்தான் போட்டீங்களா?”

“ஆமா.”

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். முழுதாகப் படித்தார். அதிகாரி இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்து, “இதுக்கு மேல நான் என்னங்க செய்ய முடியும்?” என்றார்.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து ஆயிற்று. அவரைத் தற்காலிகப் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அடுத்த வருடம் பந்தயம் நடக்கவில்லை. சாலைகளில் ஒழுக்கம் குறைந்துவிட்டதால் நிறுத்திவைக்கப்படுகிறது என்று சங்கத்தின் வரலாற்றில் அறுபதாம் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதே பக்கத்தில் சிறந்த நேரக் காப்பாளர் என்று என் படமும் இருக்கிறது.

அந்தப் புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அறுபதாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “சந்தோஷமாப்பா?” என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாப்பிள்ளை கூடத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் அவர் டியூபைத் தண்ணீரில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அன்னிக்கு என் நேரத்தை ஒரு தாள்ல எழுதிக் குடுக்கறீங்களா?”

“எதுக்கு மாப்பிள்ளை?”

“யாருக்கும் காட்டறதுக்கு இல்ல. எனக்குன்னு வச்சுக்கறேன்.”

மகள் அவரது மீட்டர் குறிக்கும் நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். தேதியை எழுதினேன். தொண்ணூற்றாறு கிலோமீட்டர் என்று எழுதினேன். மூன்று மணி நேரம் இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டு, நேரக் காப்பாளர் என்றும் எழுதி நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். பிறகு தாளின் அடிப்பக்கத்தை நகத்தால் அழுத்தி மடித்து, மடிப்பை இன்னொரு தடவை நீவி, நேராகக் கிழித்தார். நேரம் இருந்த துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கையெழுத்து இருந்த துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, டியூபைத் திரும்பக் கையில் எடுத்தார்.